ஸ்டோர் ரூமை இடிக்கறதுக்கு முன்னாடி அந்த மைலோ டின்னைத் திறங்க: தோட்டத்துக் கோயில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அண்ணே, பொருளாளர் மாமா, கமிட்டியில இருக்கற மத்த பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியும். மூணாவது லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, கடைசி வீடு, வாசல்ல முருங்கை மரம் நிக்குமே, அந்தப் பாட்டியோட மக வயித்துப் பேத்தி. இப்போ இங்க மலேசியாவுலயே கிள்ளான்ல ஒரு கம்பெனியில கணக்கு வேலை பாக்கறேன், ஆனா மாசத்துக்கு ரெண்டு தடவையாவது பத்தாங் பெர்ஜுந்தைக்கு வந்து பாட்டியைப் பாத்துட்டுத்தான் போவேன். பெஸ்தாரி ஜெயான்னு 2007லயே பேரை மாத்திட்டாங்க, எனக்கு இன்னும் வாயில வரல, மன்னிச்சுக்குங்க.

போன மாசம் பொதுக்கூட்டத்துல, கோயில் பின்னாடி இருக்கற பழைய ஸ்டோர் ரூமை இடிச்சுட்டு அங்க மடப்பள்ளி கட்டப்போறோம், தீபாவளி முடிஞ்சதும் வேலை ஆரம்பம், உள்ள கெடக்கற பழைய சாமானை அள்ளிப் போட ரோரோ தோங்கு, அந்தப் பெரிய குப்பைத் தொட்டிக்குக்கூட சொல்லியாச்சுன்னு அறிவிச்சீங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நானும்தான் தட்டினேன், மழை புடிச்சுக்கிட்டா அன்னதானத்துக்கு சோறு வடிக்கற பொம்பளைங்க படற பாடு எனக்கும் தெரியும், நானும் கரண்டி புடிச்சவதான். ஆனா தட்டிக்கிட்டு இருக்கும்போதே வயித்துல ஒண்ணு சுருக்குன்னுச்சு. அந்த ஸ்டோர் ரூம் மேல் தட்டுல, ஒடைஞ்ச மைக் செட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய மைலோ டின் இருக்கே, அது எங்க போகும்?

நேர்ல வந்து கேக்க வேண்டியதுதானே, எதுக்கு ஊருக்கே தெரியற மாதிரி எழுதறன்னு கேப்பீங்க. நேர்ல மூணு தடவ கேட்டாச்சு. மொத தடவ "பாப்போம்மா"ன்னீங்க. ரெண்டாவது தடவ "கும்பாபிஷேகம் முடியட்டும்"னீங்க. மூணாவது தடவ பொருளாளர் மாமா கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பழசைக் கிளறாத தாயி, எதெது வெளிய வரும்னு யாருக்குத் தெரியும்"னு சொன்னாரு. அந்த மூணாவது பதிலுக்குத்தான் இந்த மடல். மொத ரெண்டுக்கும் எனக்குக் கோவமே இல்ல.

அந்த டின்னுல என்ன இருக்குன்னு கமிட்டியில புதுசா சேந்த தம்பிங்களுக்குத் தெரியாம இருக்கலாம், சொல்லிடறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆடித் திருவிழாவுல அஞ்சாம் நாள் உபயம் யாரோடதுன்னு ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல பெரிய சண்டை வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அப்போ மாமாதான் "எழுத்துல இருக்கு, வாங்க"ன்னு சொல்லி அந்த டின்னை எறக்கிக்கிட்டு வந்தாரு. மூடியைத் தொறந்ததும் கற்பூரமும் பழைய எண்ணெயும் கலந்த ஒரு வாசம். உள்ள நீட்டு நீட்டா கணக்கு நோட்டு, தோட்டத்து ஆபீஸ் கிராணிமாருங்க (கிளார்க்குங்க) வச்சிருப்பாங்களே அந்த மாதிரி, முதுகுப் பக்கம் சிவப்புத் துணி ஒட்டினது. எண்ணிப் பாத்தேன், மூணு. ஒண்ணோட மூலையைக் கரையான் பாதி நிலா மாதிரி தின்னுருந்துச்சு. மாமா எச்சி தொட்டுத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாரு (மாமா, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுடுங்க, காகிதத்துக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது). நான் பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்போதான் அந்தப் பக்கம் வந்துச்சு. மசி மங்கிப்போன எழுத்து. "சயாமுக்குப் போனவங்க பேருல விளக்கு"ன்னு மேல ஒரு வரி. சயாம்னா இப்போ தாய்லாந்து. அதுக்குக் கீழ பேரு வரிசையா. ஒவ்வொரு பேருக்கும் எதிரா எத்தனாவது லயம், யாரு குடுத்தது, எவ்வளவு. பதினோரு வரின்னு நெனைக்கறேன். நாலு வரிதான் படிச்சேன். நாலாவது வரியில "மூணாவது லயம், இன்னாரு, அவர் சம்சாரம் குடுத்தது, வெள்ளி 1"ன்னு இருந்துச்சு. அதுக்குள்ள சண்டைக்காரங்க தேடின பக்கம் வேறன்னு மாமா புரட்டிட்டாரு, அஞ்சாம் நாள் உபயம் கெடைச்சுது, நோட்டை மூடி டின்னுக்குள்ள வச்சாச்சு, அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த நாலாவது பேரு எங்க பாட்டியோட அப்பாவா இருக்கலாம்.

இருக்கலாம்னுதான் சொல்றேன், ஆமான்னு சொல்லல. ஏன்னா எங்க பாட்டியோட அப்பா பேரு எங்க யாருக்கும் ஒழுங்காத் தெரியாது. பாட்டி ஐசியில (அடையாள அட்டையில) இருக்கற அப்பா பேரு அவங்களை வளத்தவரோட பேரு. பெத்தவரை ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, பாட்டிக்கு அப்போ மூணு வயசோ நாலு வயசோ. அவரு திரும்பி வரல. பாட்டியோட அம்மா அடுத்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டாங்க. பக்கத்து வீட்டுல புள்ளை இல்லாத புருஷன் பொஞ்சாதி, தூக்கி வச்சு வளத்தாங்க, சோறு போட்டாங்க, கல்யாணமும் கட்டிக் குடுத்தாங்க, அவங்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். 1948ல கம்யூனிஸ்டுங்களை அடக்க எமர்ஜென்சி வந்தப்போதான் இந்த நாட்டுல ஐசிங்கறதே வந்துச்சு, பன்னெண்டு வயசு ஆனவங்க எல்லாம் எடுக்கணும். பாட்டி வயசுக்கு வந்து எடுக்கப் போனப்போ அப்பா பேரு என்னன்னு கேட்டிருக்காங்க, கூடப் போனவரு தன் பேரைச் சொல்லியிருக்காரு. வேற என்ன சொல்வாரு, பக்கத்துல நிக்கற புள்ளைக்கு முன்னாடி? பாட்டிக்கு இந்த விஷயமே ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரியும், அதுவும் எப்படின்னா, குழாயடியில வாளி வைக்கற சண்டையில ஒரு கெழவி "அப்பன் ஆருன்னு தெரியாதவளுக்கு வாயைப் பாரு"ன்னு கத்தினப்போ.

பாட்டிகிட்ட அவங்க அப்பாவைப் பத்தி என்னா ஞாபகம் இருக்குன்னு கேட்டா ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாங்க. காலையில இருட்டோட பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆளு எண்ணற எடத்துக்குப் போகும்போது காண்டாக் கம்புல தோள்ல தொங்கற வாளி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு டங்கு டங்குன்னு சத்தம் வருமாம், அந்தச் சத்தம் லயத்து மூலை திரும்பற வரைக்கும் கேக்குமாம். மொகம் ஞாபகம் இல்ல. பேரு, "அம்மா அவரைப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல, நான் எங்க கேக்க?"ன்னு சொல்றாங்க. அந்தக் காலத்துல எந்தப் பொண்டாட்டி புருஷன் பேரைச் சொன்னா?

சயாம் ரயிலைப் பத்தி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்ல, கமிட்டியில பாதிப் பேரு வீட்டுல அந்தக் கதை இருக்கு. சின்னப் பசங்களுக்காகச் சொல்றேன்: சயாம் பக்கம் பான் போங்ல இருந்து பர்மா பக்கம் தான்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர், 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டாங்க, காட்டையும் மலையையும் வெட்டி. மலாயா தோட்டங்கள்ல இருந்து மட்டும் ஆயிரக்கணக்குல நம்ம ஆளுங்க, காலராவுலயும் மலேரியாவுலயும் பசியிலயும் போனாங்க. காஞ்சனபுரிக்கு டூர் போனவங்க பாத்திருப்பீங்க, அங்க போர்க்கைதியா செத்த வெள்ளைக்காரங்களுக்குப் புல்லு வெட்டி, பூச்செடி வச்சு, வரிசை வரிசையா கல்லறை, கல்லுல பேரு, வயசு, எந்தப் பட்டாளம்னு எல்லாம் இருக்கும். நல்ல காரியம், செஞ்சுருக்காங்க. நம்ம ஆளுங்களுக்கு அப்படிப் பேரு போட்ட வரிசை இல்ல. எத்தனை பேரு போனாங்கங்கறதுலயே ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க, பேரு எங்க இருந்து வரும்? இப்போ சொல்லுங்க, ஒரு தோட்டத்துல இருந்து போன பதினோரு பேரோட பேரு, லயம் நம்பரோட, அந்தக் காலத்துலயே எழுதினது ஒரு மைலோ டின்னுல இருந்தா அது என்ன சாமான்? ரோரோ தோங்குல போடற சாமானா?

சில பேரு சொல்வாங்க, "அதான் கவர்மெண்ட்டுல ரெக்கார்டு இருக்குமே, ஆர்க்கிப் நெகாராவுல (தேசிய ஆவணக் காப்பகத்துல) போயி தேடு"ன்னு. போனேன். லீவு போட்டுட்டு ரெண்டு நாள் போனேன். அங்க இருக்கறவங்க நல்லாதான் உதவி பண்ணாங்க, பழைய சிலாங்கூர் செக்ரட்டேரியட் ஃபைல் எல்லாம் பாக்கலாம். எத்தனை ஏக்கரு, யாரு தொரை, எத்தனை கூலியாளு, ஆஸ்பத்திரி இருக்கா, கள்ளுக்கடை லைசென்ஸ் யாருக்குன்னு விதவிதமா இருக்கும். ஆளுங்க எண்ணிக்கையாத்தான் இருக்காங்க, பேரா இல்ல. நம்ம குடும்பத்து ஆளு பேரு அதுல ஆப்புடறது குதிரைக் கொம்புதான்.

ஏன் இப்படின்னு கொஞ்சம் யோசிச்சுப் பாத்தா காரணம் புரியும். ஃபிஜிக்கு 1879ல இருந்து 1916 வரைக்கும் ஒப்பந்தத்துல போனவங்க அறுபதாயிரத்துக்கு மேல, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாஸ் எழுதி, அதுல பேரு, அப்பா பேரு, ஊரு, ஜில்லா, வயசு, ஒயரம், ஒடம்புல மச்சம் தழும்பு வரைக்கும் இருக்கும். அந்த ஊரு பேரப் புள்ளைங்க இன்னிக்கும் அந்தப் பாஸை எடுத்துக்கிட்டு நேரா கிராமத்துக்குப் போயி நிக்கறாங்க. மொரீஷியஸ்லயும் அப்படித்தான், மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல போட்டோவோட வச்சிருக்காங்க. இங்க கதை வேற. சஞ்சிக்கூலிங்கற அந்த ஒப்பந்த முறையை 1910லயே நிறுத்திட்டாங்க, நம்ம ஆளுங்கள்ல பாதிக்கு மேல கங்காணி கூட்டிக்கிட்டு வந்தவங்க. தோட்டத்துல வேலை செய்யற ஒருத்தருக்கே லைசென்ஸ் குடுத்து ஊருக்கு அனுப்புவாங்க, அவரு போயி சொந்தக்காரன், பங்காளி, பக்கத்துத் தெரு ஆளுன்னு சேத்து, ஆவடி டிப்போவுலயோ நாகப்பட்டினம் டிப்போவுலயோ கொண்டாந்து நிறுத்தி, கப்பல் ஏத்தி, பினாங்குலயோ போர்ட் சுவெட்டன்ஹாம்லயோ எறக்குவாரு. அப்புறம் அந்த ஆளு வேலைக்கு எறங்கற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. காசு எண்ணத்தானே தலையை எண்ணுவான், பேரை எதுக்கு எழுதி வைக்கறான்? 1938ல இந்தியா பக்கமே கூலி ஆளு அனுப்பறதை நிறுத்திட்டாங்க, அதனால நம்ம தோட்டத்துப் பழைய குடும்பம்னு சொல்றவங்க அநேகமா அதுக்கு முந்தி வந்தவங்களாத்தான் இருப்பாங்க.

இதுல ஒரு நல்லதும் இருக்கு. கங்காணி தன் ஊரு ஆளைத்தான் கூட்டிக்கிட்டு வந்தாரு, அப்போ கங்காணி ஊரு தெரிஞ்சா நம்ம ஊரு பாதி தெரிஞ்ச மாதிரி. மூணாவது லயத்துக்கு ஆளு சேத்த கங்காணி போளூர் பக்கம்னு பெரியவங்க சொல்றாங்க. பாட்டிக்கு குலதெய்வம் பச்சையம்மன், அது மட்டும் அவங்க அம்மா சொல்லி ஞாபகம் இருக்கு. போளூர், பச்சையம்மன், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துது. ஆனா அந்தப் பக்கம் போயி பச்சையம்மன் கோயில் எங்கன்னு கேட்டா எத்தனை கோயிலைக் காட்டுவாங்க? பேரு இருந்தா விஷயம் வேற. நம்ம வழக்கத்துல பாட்டன் பேரைத்தான் பேரனுக்கு வைக்கறது, அங்க தங்கிப்போன பங்காளி வீட்டுல அதே பேரு இன்னிக்கும் யாராவது ஒரு பையனுக்கு இருக்கும். ஒரு பேரு போதும், ஊர்ல ஒரு திண்ணையில ஒக்காந்து சொன்னா யாராவது ஒரு கெழவர் "அட, அக்கரைக்குப் போனவன் வீடா"ன்னு எந்திரிச்சு நிப்பாரு. பேரு இல்லாம போயி நான் யாரைக் கேக்கறது?

தேடறவங்களுக்கு இன்னொரு தொல்லை, எல்லாப் பேரும் மாறிப்போச்சு. கப்பல் எறங்கின போர்ட் சுவெட்டன்ஹாம் 1972ல போர்ட் கிள்ளான் ஆயிடுச்சு. சூராட் பெரானாக்குல (பொறப்புப் பத்திரத்துல) பத்தாங் பெர்ஜுந்தைன்னு இருக்கு, மேப்புல பெஸ்தாரி ஜெயா. அந்தப் பக்கம் பாத்தா வட ஆற்காடு ஜில்லான்னு ஒண்ணு இப்போ இல்லவே இல்ல, 1989ல திருவண்ணாமலை தனியாப் போச்சு, மிச்சம் இருந்த வேலூரை 2019ல மறுபடியும் பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு ஆக்கிட்டாங்க. தஞ்சாவூர் ஜில்லான்னு கடுதாசியில இருந்தா அது இன்னிக்கு நாகப்பட்டினமா திருவாரூரா மயிலாடுதுறையான்னு பாக்கணும். தோட்டத்துக்கே ஆபீஸ் போர்டுல ஒரு பேரு, நம்ம ஆளுங்க வாயில ஒரு பேரு. நம்ம வீட்டுப் பசங்க நாளைக்கு கூகுள்ல தட்டினா எதைன்னு தட்டுவாங்க?

தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாம்னா அவங்களும் இல்ல. பாட்டியை வளத்தவரோட தம்பிக்கு எல்லாம் தெரியும்னு சொல்வாங்க. அவருக்கு சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்ல, 1969ல பெர்மிட் இல்லாம வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம் வந்ததும் பொஞ்சாதி புள்ளைங்களோட ரஜூலா கப்பல்ல ஏறி ஊருக்குப் போயிட்டாரு. அந்தச் சமயத்துல மலேசியாவுல இருந்து ஏறக்குறைய 60,000 பேரு அப்படிப் போனாங்கன்னு சொல்றாங்க. ஆளு மட்டுமா போச்சு, அந்த ஆளுங்க தலையில இருந்ததும் சேந்து கப்பல் ஏறிடுச்சு. தோட்டத்து செக்ரோல் புஸ்தகம், அதான் ஆளுங்க பேரு, வேலை நாள் எழுதற பதிவேடு எல்லாம் தோட்டம் கை மாறினப்போ ஆபீஸ் பின்னாடி ரெண்டு நாள் எரிஞ்சுச்சுன்னு எங்க சொந்த மாமா (பொருளாளர் மாமா இல்ல) சொல்வாரு, அப்போ அவரு சின்னப் பையன், பசங்க எல்லாம் சேந்து அந்த நெருப்புல மரவள்ளிக் கெழங்கு சுட்டுத் தின்னாங்களாம். யாரும் தடுக்கல. தடுக்கணும்னு யாருக்கும் தோணல.

அதனாலதான் சொல்றேன், நம்மகிட்ட இருக்கற ஒரே செக்ரோல் அந்த மைலோ டின்தான்.

இப்போ வரலாற்றுப் பலகைக்கு வர்றேன். கும்பாபிஷேகத்துக்கு வாசல்ல கருங்கல்லுல கோயில் வரலாறு பொறிக்கப்போறோம்னு சொல்லி ஒரு பேப்பர் சுத்துக்கு விட்டீங்க. படிச்சேன். எடம் குடுத்த தொரை, மொதல்ல சூலம் நட்ட பெரிய கங்காணி, அப்புறம் வரிசையா தலைவருங்க, கடைசியில கும்பாபிஷேகத்துக்கு வர்ற மக்கள் பிரதிநிதி ஒய்.பி. தப்புன்னு சொல்லல. ஆனா கோயிலுக்குக் காசு எங்க இருந்து வந்துச்சு? சம்பளம் போடற அன்னிக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு கோயில் கணக்குல பிடிச்சுக்கிட்டுத்தான் கையில குடுப்பாங்க, உங்க அப்பாவுக்கும் பிடிச்சாங்க, எங்க தாத்தாவுக்கும் பிடிச்சாங்க. பால்மரம் வெட்டினவன், புல்லு வெட்டினவ, ஆயாக் கொட்டாயில புள்ளை பாத்த கெழவி, எல்லார் காசும் அந்தச் செவத்துல இருக்கு. அந்த நோட்டு கமிட்டியோட நோட்டு இல்ல ஐயா, அதுல வரி வரியா இருக்கறவங்களோட நோட்டு. கமிட்டி பத்திரமா வச்சிருக்கு, அதுக்கு நன்றி.

பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. தென்னமரம் தோட்டம். இந்த நாட்டுல வியாபாரத்துக்குன்னு மொதல்ல செம்பனை போட்டது அங்கதான், 1917ல, ஹென்றி ஃபோகோனியேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு. (செம்பனை போட்ட தோட்டத்துக்குப் பேரு தென்னமரம், அதைக் கேட்டா எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.) 2017ல செம்பனைக்கு நூறு வருஷம்னு கொண்டாடினாங்க, அவரு பேரு எல்லா எடத்துலயும் வந்துச்சு, வரட்டும், அவருதானே போட்டாரு. ஆனா அவரு ஒத்தை ஆளா குழி வெட்டியிருக்க மாட்டாரு. குழி வெட்டினவங்கள்ல ஒரே ஒரு ஆளு பேரை யாராவது சொல்ல முடியுமா? இன்னிக்குப் புதுசா எழுதற கல்லுலயும் நாமளே தொரை பேரையும் கங்காணி பேரையும் மட்டும் போட்டா, வெள்ளைக்காரன் எழுதினதுக்கும் நம்ம எழுதறதுக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொண்ணும் சொல்லணும். அந்த நோட்டுலயும் எல்லாரும் இல்ல. "அவர் சம்சாரம் குடுத்தது"ன்னுதான் இருந்துச்சு. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு ஓடிக்கிட்டு இருந்த காலத்துல, அரிசி கெடைக்காம மரவள்ளியைத் தின்னுக்கிட்டு, ஒரு வெள்ளியைக் கொண்டாந்து விளக்குக்குக் குடுத்த அந்தப் பொம்பளை பேரை எழுதணும்னு கணக்கு எழுதினவருக்குத் தோணல. அவங்கதான் எங்க பூட்டியா இருந்தா அவங்க பேரும் எனக்குக் கெடைக்கப் போறதில்ல. அது அப்படியே போகட்டும், கெடைக்கறதையாவது விடாம பாக்கலாமே.

மாமா சொன்ன பயத்துக்கு வர்றேன், அதைச் சும்மா தள்ளிட முடியாது. அவரு வாய் விட்டுச் சொல்லல, ஆனா எல்லாருக்கும் புரியும். மொதப் பயம் சாதி. அந்தக் காலத்துல பேருக்குப் பின்னாடி சாதியும் சேத்து எழுதுவாங்க, எந்த லயத்துல யாரு இருந்தாங்கங்கறதுலயே பாதி வெளிய வந்துடும். இப்போ ஒண்ணா ஒக்காந்து சாப்புடறோம், பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்துட்டோம், எதுக்கு அதை மறுபடியும் காட்டணும்? இந்தப் பயம் நியாயம். நானும் அந்தக் கணக்கைப் படிச்சுக் காட்டச் சொல்லல. போட்டோ எடுத்ததை கமிட்டியே வச்சுக்கட்டும், வெளிய குடுக்கற லிஸ்ட்டுல பேரு, லயம், வருஷம் மட்டும் இருந்தாப் போதும், மத்தது வேண்டவே வேண்டாம். பூர்வீகம் தேடறேன்னு கெளம்பறவங்க பாதிப் பேரு வாட்ஸ்அப்புல ராஜராஜ சோழன் வீட்டு வாசல்லதான் போயி நிக்கறாங்க, நாங்க ஆண்ட பரம்பரை, எங்க தாத்தா கப்பல்ல ஃபர்ஸ்ட் கிளாஸ்ல வந்தாருன்னு. எனக்கு அந்த ஆசை இல்ல. எங்க ஆளு டெக்குல சுருண்டு படுத்து வாந்தி எடுத்துக்கிட்டுத்தான் வந்திருப்பாரு, அது எனக்குப் போதும்.

ரெண்டாவது பயம் குடும்ப விஷயம். ரெண்டாம் தாரம், எடுத்து வளத்த புள்ளை, சயாமுக்குப் போனவன் செத்துட்டான்னு நெனைச்சு வேற கல்யாணம் கட்டிக்கிட்டவ, அப்புறம் அவன் திரும்பி வந்தது. இதெல்லாம் நம்ம தோட்டத்துல நடக்காததா? எங்க வீட்டு விஷயத்தை நானே மேல எழுதிட்டேன், பாட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். "எழுது, நான் என்ன திருடியா பொறந்தேன்"னாங்க. மத்தவங்க வீட்டு விஷயம் எனக்கு வேண்டாம். ஒரு குடும்பத்து ஆளு வந்து எங்க வீட்டு வரியை மூடி வைங்கன்னு சொன்னா மூடி வைங்க, நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா மறைக்கறதுக்கும் எரிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு மாமா. மறைச்சதை நாளைக்கு ஒரு பேரன் வந்து கேட்டா எடுத்துக் குடுக்கலாம்.

செலவு ஒண்ணும் இல்ல. என் ஹேண்ட்ஃபோனே போதும். சன்னல் ஓரம் ஒரு மேசை, வெள்ளைத் துணி ஒண்ணு, ஃபிளாஷ் போட மாட்டேன், ஒரு பக்கத்துக்கு ரெண்டு படம். கரையான் தின்ன நோட்டை மட்டும் யாரும் செலோடேப் போட்டு ஒட்டிடாதீங்க, அது கொஞ்ச நாள்ல மஞ்சளாகி எழுத்தையே புடுங்கிக்கிட்டு வந்துடும். பூச்சி இருந்தா பிளாஸ்டிக் பையில காத்துப் போகாம கட்டி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வச்சா செத்துடும், எடுத்ததும் ஒடனே பிரிக்கக் கூடாது, ஒரு நாள் அப்படியே வெளிய இருக்கட்டும். எங்க வீட்டு ஃப்ரீசர்ல எடம் இருக்கு, மீனைக் காலி பண்ணிடறேன், கோயில் நோட்டு பக்கத்துல மீன் இருக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்.

தோட்டத்தை விட்டு ஷா ஆலாம், கிள்ளான், ரவாங்னு போயிட்ட நம்ம ஆளுங்க இதைப் படிச்சா உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க வீட்டுப் பீரோவுல அம்மா சேலைக்கு அடியில மணியார்டர் ரசீது, ஊர்ல இருந்து வந்த நீலக் கடுதாசி, பழைய பாஸ்போர்ட் இருக்கும். ரசீதுல இருக்கற தபாலாபீஸ் பேருதான் உங்க ஊரு, அதைத் தூக்கிப் போட்டுட்டு அப்புறம் என்னை மாதிரி லீவு போட்டுட்டு அலையாதீங்க. பாட்டியை வளத்தவரோட ரசீது ஒரு கட்டு எங்ககிட்ட இருக்கு, அவரு ஊரு தபாலாபீஸ் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு, யாராவது அவரு பங்காளி வழி வந்தவங்க இருந்தா வந்து வாங்கிக்குங்க, அது உங்களுது.

கமிட்டிக்கு மறுபடியும். பலகையில எல்லார் பேரையும் போடணும்னு நான் அடம் புடிக்கல, கல்லுக்கு எழுத்துக்கு இவ்வளவுன்னு காசு கேப்பான், தெரியும். சயாமுக்குப் போன அந்தப் பதினோரு பேரை மட்டும் போடுங்க. அந்தக் கூலியை நாங்க குடுத்துடறோம், எங்க அம்மா வழியில பேசிட்டேன், சரின்னுட்டாங்க. நோட்டைப் பாத்து அது எங்க ஆளு இல்லன்னு தெரிஞ்சாலும் குடுப்போம்.

வர்ற சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு நான் வந்துடுவேன், பாட்டியையும் கூட்டிக்கிட்டு வர்றேன், கண்ணு சரியாத் தெரியாது, ஆனா அந்தப் பேரை யாராவது சத்தமாப் படிச்சா ஒருவேளை ஞாபகம் வரும். பக்கத்தைப் புரட்டறதை மாமாவே புரட்டட்டும், நான் தொடக்கூட மாட்டேன். சாவி காணோம்னு மட்டும் சொல்லிடாதீங்க மாமா. உங்க வீட்டு ஹால்ல காலண்டருக்குக் கீழ இருக்கற ஆணியில மஞ்சக் கயித்துல தொங்குது, போன வாரம் அத்தை தே தண்ணி குடுத்தப்போ பாத்துட்டுத்தான் வந்தேன்.

இப்படிக்கு,
மூணாவது லயத்துக் கடைசி வீட்டுப் பேத்தி